உபின் தீவில் மார்கழி ஓட்டம்: 144 பேர், 12 படகு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு சிறியது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களும் இங்கே வேலை பார்க்கும் தமிழகத் தொழிலாளர்களும் சேர்ந்து, பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவில் ஓடும் ஓட்டம். 10 கிலோமீட்டருக்கு 60 பேர், 5 கிலோமீட்டருக்கு 60 பேர், தீவில் நிற்கும் தொண்டூழியர்கள் 24 பேர். பரிசுத்தொகை கிடையாது. நேரம் கணக்கிடும் மின்னணுச் சில்லும் கிடையாது. இந்த அளவில் ஓர் ஓட்டத்தை நடத்த என்னென்ன வேண்டும், எது எங்கே பிசகும், ஏன் பிசகும் என்பதே இங்கே பேச்சு.

ஓட்டம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வழித்தடத்திலிருந்து திட்டத்தைத் தொடங்குவார்கள். உபினில் அது சரிப்படாது. அங்கே முதலில் கணக்குப் போட வேண்டியது படகு. அதிலும் கூட்டிப்போகும் படகைவிடத் திரும்பிவரும் படகு.

படகிலிருந்து பிறக்கும் எண்

சாங்கி பாயின்ட் படகுத்துறையிலிருந்து உபினுக்குப் போகும் பம்போட் எனப்படும் சிறு விசைப்படகில் 12 பேர்தான் ஏறலாம். ஒருவழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கடக்க ஏறக்குறைய 10 நிமிடம். 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சேரும்வரை காத்திருக்க மனமில்லை என்றால் 48 வெள்ளியையும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஏற்றுவது, கடப்பது, இறக்குவது, திரும்புவது எல்லாம் சேர்த்து ஒரு படகின் ஒரு சுற்றுக்கு 30 நிமிடம் வைப்பது நியாயமான கணக்கு. அதைக் குறைத்துப் போட்டால், கைக்குழந்தையோடு வரும் ஒரே குடும்பம் போதும், திட்டம் குலைந்துவிடும்.

4 படகு பேசி வைத்தால் அரைமணிக்கு 48 பேர். 144 பேருக்கு மூன்று சுற்று, ஒன்றரை மணி நேரம். 6 படகு இருந்தால் இரண்டே சுற்று, ஒரு மணி நேரம். 120 ஓட்டக்காரர்கள் என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. 24 தொண்டூழியர்களையும் சேர்த்தால் சரியாக 12 படகு (6 படகு, இரண்டு சுற்று) நிறையும். வானிலை கெட்டால் தீவில் இருக்கும் எல்லாரையும் ஒரு மணி நேரத்தில் கரைசேர்க்க முடிகிற எண்ணிக்கை எதுவோ, அதுவே இந்த ஓட்டத்தின் உச்சவரம்பு. 150 பேர், 200 பேர் என்று ஆசைப்படுகிறவர்கள் 13ஆவது படகில் ஏறப்போகிறவரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் அநேகமாகக் கடைசியாக ஓடிமுடித்தவர், ஈரத்தோடு நிற்பவர்.

போகவர ஆளுக்கு 8 வெள்ளி என்றால் 144 பேருக்கு 1,152 வெள்ளி. செலவுப் பட்டியலில் இதை முதல் வரியாக எழுதி, பதிவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அவரவர் படகுக் காசை அவரவர் கட்டட்டும் என்று விட்டால், விடியாத வேளையில் படகுத்துறையில் சில்லறை தேடும் கூட்டம்தான் மிஞ்சும்.

படகோட்டிகளிடம் முன்கூட்டியே நேரில் பேசிவைக்க வேண்டும். 4 படகு உறுதி. 8 மணி முதல் 10 மணி வரை இன்னும் 2 படகு கூப்பிட்ட உடனே வரத் தயார். முன்பேச்சு இல்லாமல் அதிகாலை 6 மணிக்குப் போய் நின்றால், படகு இருக்கும், ஓட்ட ஆள் இருக்கமாட்டார்.

நாளும் நேரமும்

டிசம்பரும் ஜனவரியின் பெரும்பகுதியும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக் கட்டம். டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பருவக்காற்று வலுத்து வீசும் நாள்களில் மழை ஓரிரு நாள் விடாமல் பெய்யும். வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கும். நமக்கு இதுதான் குளிர்காலம். இந்த நீண்ட மழை பெரும்பாலும் இடி மின்னல் இல்லாமல் பெய்வது ஓட்டத்துக்குச் சாதகம். இடியோடு கூடிய மழை பிற்பகலில்தான் அதிகம். ஆகவே காலை 10 மணிக்குள் ஓடி முடித்துவிட வேண்டும்.

டிசம்பர் ஞாயிறுகளைத் தவிர்ப்பது நல்லது. பள்ளி விடுமுறையில் சைக்கிள் ஓட்ட வரும் குடும்பங்களால் படகு வரிசை நீளும், தீவின் சாலைகளும் நிறையும். ஜனவரி இரண்டாம் வாரத்தில் பள்ளி திறந்திருக்கும், மார்கழியும் முடிந்திருக்காது. அப்போது சூரிய உதயம் 7.10 வாக்கில். மரநிழல் அடர்ந்த பாதையில் வேர் கண்ணுக்குத் தெரிய இன்னும் கால் மணி நேரம் வேண்டும். அதனால் 10 கிலோமீட்டர் 7.30க்கு, 5 கிலோமீட்டர் 8.30க்கு.

படகுக் கால அட்டவணை இதையொட்டி அமையும். தொண்டூழியர்கள் 6 மணிப் படகு. 10 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் 6.30, பிந்தியவர்களுக்கு 7. குடும்பங்களுக்கு 7.30, 8. சாங்கி வில்லேஜுக்கு 2, 29, 59, 109 ஆகிய பேருந்துகள் வரும் என்றாலும், ஞாயிறு முதல் பேருந்தைப் பிடித்து 6.30 படகில் ஏற எல்லாராலும் முடியாது. தங்கும் விடுதியிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு வாகனம் ஏற்பாடு செய்யாவிட்டால், அவர்கள் பெயரளவில்தான் இந்த ஓட்டத்தில் இருப்பார்கள்.

உபினில் இப்படி ஒரு நிகழ்வை நடத்தத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். வழித்தட வரைபடம், ஆள் எண்ணிக்கை, மருத்துவ ஏற்பாடு, குப்பையை அகற்றும் விதம் எல்லாம் எழுத்தில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

எட்டு வடிவப் பாதை

10 கிலோமீட்டரை ஒரே பெரிய வளையமாகத் தீவைச் சுற்றி விடத் தோன்றும். காட்சிக்கு அழகுதான். ஆனால் அதில் ஓடுகிறவர் ஒரு கட்டத்தில் உதவியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப்போய்விடுகிறார். இந்த நிகழ்வுக்குப் பொருந்துவது எட்டு வடிவம்: நடுவில் ஒரு மையம், இருபுறமும் 2.5 கிலோமீட்டர் வளையம் ஒவ்வொன்று. எட்டை ஒருமுறை முடித்தால் 5 கிலோமீட்டர், இருமுறை முடித்தால் 10. பாதையில் யார் எங்கே இருந்தாலும் மையத்துக்கு 1.25 கிலோமீட்டருக்கு மேல் இல்லை.

இந்தத் தூரத்துக்கு உயிரின் விலை இருக்கிறது. திடீரென்று இதயம் நின்றுவிட்டால், மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பிரதான தீவின் குடியிருப்புப் பேட்டைகளில் மின்தூக்கி அருகே, அந்த மின்னதிர்ச்சியைக் கொடுக்கும் ஏஇடி கருவி தொங்குகிறது. உபினின் காட்டுப்பாதையில் நாம் கொண்டுபோனால்தான் உண்டு. கருங்கல் சரளை கிடக்கும் பாதையில் சைக்கிளில் 1.25 கிலோமீட்டர் போக 5 நிமிடம் ஆகும். ஆகவே இரண்டு ஏஇடி வேண்டும்: ஒன்று மையத்தில், இன்னொன்று மேடு அதிகமுள்ள வளையத்தின் கடைக்கோடியில், சைக்கிளோடு நிற்கும் முதலுதவியாளரிடம். மற்ற வளையத்தின் கடைக்கோடியிலும் ஒரு சைக்கிள் முதலுதவியாளர் நிற்பார். முதலுதவியாளர் நால்வரில் மீதி இருவர் மையத்தில். சைக்கிளைத் தீவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது பிரேக்கை ஈரத்தில் அழுத்திப் பார்த்து எடுங்கள்.

எட்டு வடிவத்தின் குறை, சுற்றுக் கணக்கு தவறுவது. மூச்சு வாங்குகிறவருக்கு எந்த வளையத்தை எத்தனை முறை முடித்தோம் என்பது நினைவிருக்காது. கையில் மைக்கோடு போட்டால் மழையில் அழிந்துவிடும். மையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ரப்பர் வளையத்தைக் கையில் மாட்டிவிடுவதே சரி: முதல் வளையத்துக்கு மஞ்சள், இரண்டாவதுக்குச் சிவப்பு. முடிவுக்கோட்டில் 10 கிலோமீட்டர்க்காரர் கையில் நான்கு வளையம் இருக்க வேண்டும், 5 கிலோமீட்டர்க்காரர் கையில் இரண்டு.

தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா சதுப்புநிலத்தின் பலகைப்பாதையை வழியில் சேர்க்க வேண்டாம். குறுகலானது, நனைந்தால் வழுக்கும், பார்வையாளர்களுக்கும் தொல்லை.

பாதையில் உண்மையான எதிரி சேறு இல்லை, இறக்கம். செம்மண் நனைந்தால் மேல்தோல் மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்கும். அதன்மேல் சரளையும் ஈரச் சருகும் கிடந்தால், மேட்டில் ஏறும்போது பிடிக்கும் காலணி இறக்கத்தில் பிடிக்காது. தேங்கிய தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். விரல் ஆழம் எது, கணுக்கால் முறியும் ஆழம் எது என்று சொல்ல முடியாது. முந்திய நாள் பாதையைக் குறிக்கப் போகிறவர் குச்சியால் ஒவ்வொரு குட்டையையும் குத்திப் பார்த்து, ஆழமானதைக் கயிறு கட்டி ஒதுக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்துக்கு 30 மீட்டர் முன்னால் ‘நடக்கவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்து, அங்கே ஒருவரை நிறுத்துங்கள். பலகையை மட்டும் நம்பினால் யாரும் நடக்கமாட்டார்கள்.

பாதையைக் குறிக்கச் சுண்ணாம்புத் தூள் உதவாது, ஒரு மழையில் கரைந்துவிடும். மாவு கூடாது, காட்டுப்பன்றிக்கு அழைப்பு வைத்த மாதிரி. கிளையில் கட்டும் நாடாவைக் குரங்கு பிய்த்துப்போடும். ஆகவே நாடாவையும் நம்பி, ஆளையும் நிறுத்த வேண்டியிருக்கிறது: ஆறு சந்திப்பு, ஆறு பேர். 500 மீட்டருக்கு ஒன்றாக 1 முதல் 10 வரை எண் பலகை வையுங்கள். விழுந்தவரைப் பார்த்தவர் ‘அந்தப் பெரிய மரத்துக்குப் பக்கத்தில்’ என்று சொல்லாமல் ‘ஏழாம் பலகை’ என்று சொல்லலாம்.

தொலைபேசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலேசியாவின் ஜொகூர் எதிரே தெரிகிற தீவு. கைத்தொலைபேசி தானாகவே மலேசியக் கட்டமைப்புக்கு மாறிவிடும். அப்போது 995 என்ற சிங்கப்பூர் அவசர மருத்துவ எண்ணுக்கான அழைப்பு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. தொண்டூழியர்கள் எல்லாரும் படகு ஏறுமுன்பே தானியங்கித் தேர்வை அணைத்து, சிங்கப்பூர்க் கட்டமைப்பைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். படகுத்துறையில் நிற்பவர் ஒவ்வொருவர் தொலைபேசியையும் வாங்கிப் பார்த்துவிட்டே ஏற்றலாம்.

தண்ணீரும் பொங்கலும்

உபினில் குழாய்த் தண்ணீர் இல்லை. ஓட்டக்காரருக்கு 1.2 லிட்டர், தொண்டூழியருக்கு 1.5 லிட்டர் என்று போட்டால் 180 லிட்டர். காயம் கழுவ 20. ஆக 200 லிட்டர்: 20 லிட்டர்க் கலன் 10. கலன் ஒன்று 20 கிலோ. அலையில் ஆடும் படகில் இருந்து ஈரப் படியில் இதை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. கடல் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் படிக்கும் படகுக்கும் இடையே உயரம் கூடிவிடும், முதுகு பிடித்துக்கொள்ளும். ஓதப் பட்டியலைப் பார்த்து, முந்திய நாளே நீர் ஏறியிருக்கும் வேளையில் கொண்டுபோய், தீவின் வேன்காரரிடம் ஒப்படைத்துவிடுவது உத்தமம். காகிதக் குவளை வேண்டாம். அவரவர் குவளையை அவரவர் கொண்டுவரட்டும். காற்றில் பறந்த ஒரு குவளையைப் புதருக்குள் தேடி எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

முடிந்ததும் வெண்பொங்கல். ஆளுக்கு 200 கிராம் என்றால் 29 கிலோ. 5 கிலோ பச்சரிசி, ஒன்றரைக் கிலோ பாசிப்பருப்பு, நாலு பங்குக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர், நெய் எல்லாம் சேர்ந்து இந்த அளவைத் தொடும். வழக்கத்தைவிடத் தளர்வாக இறக்க வேண்டும். சூட்டுப்பெட்டிக்குள் இரண்டு மணி நேரத்தில் பொங்கல் இறுகிவிடும். சமைத்த சாப்பாட்டை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் 6 மணிக்கு இறக்கினால் 10 மணிக்குள் பரிமாறி முடிய வேண்டும். தேங்காய்ச் சட்னி இந்த ஈரக்காற்றில் தாங்காது, சாம்பார் போதும். வடையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள்; மூடிய பெட்டியில் அது நமத்துப்போய்த்தான் வந்து சேரும், விட்டுவிடலாம்.

சாப்பாடு பிளாஸ்டிக் பையில் வரக்கூடாது. பை சரசரக்கும் சத்தத்தை உபின் குரங்குகள் நன்றாக அறியும். இறுக மூடும் பெட்டி, அதன் பக்கத்திலேயே ஓர் ஆள். குரங்குக்கும் பன்றிக்கும் பிள்ளைகள் எதையும் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

நனைந்த காகிதத்தில் நேரம்

மழையில் கைத்தொலைபேசியின் தொடுதிரை விரலுக்குப் பணியாது. செயலியில் நேரம் குறிக்கலாம் என்று நம்பி வந்தவர்கள் முதல் பத்துப் பேர் முடிக்கும்போதே கைவிடுவார்கள். பழைய முறைதான் நிற்கிறது. முடிவுக்கோட்டில் நான்கு பேர்: ஒருவர் பொத்தான் வைத்த நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்வார், ஒருவர் பென்சிலால் அதை வரிசை எண்ணோடு எழுதுவார், மூன்றாமவர் ஓட்டக்காரர்களை வந்த வரிசை மாறாமல் கயிறு கட்டிய சந்துக்குள் நடத்துவார், நான்காமவர் சந்தின் முனையில் நின்று, மார்பு எண் அட்டையின் அடித்துண்டைக் கிழித்து ஒரு கம்பியில் கோத்துக்கொண்டே போவார். கம்பியில் இருக்கும் வரிசையும் தாளில் இருக்கும் நேரமும் பிறகு ஒன்றுசேரும். தாள் கூழாகிப்போனாலும் யார் எத்தனையாவது என்பது கம்பியில் பத்திரமாக இருக்கும்.

சந்துக்குள் முந்த விடவே கூடாது. முடித்தவர் தண்ணீர் குடிக்கக் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டால், அவருக்குப் பின்னால் வந்த எல்லாருடைய நேரமும் ஒரு படி நகர்ந்துவிடும். எண் அட்டை சாதாரணக் காகிதமாக இருந்தால் இரண்டாம் கிலோமீட்டரிலேயே ஊசியிலிருந்து கிழிந்து விழும். டைவெக் போன்ற கிழியாத தாளில் அச்சிட்டு, கோக்க வேண்டிய அடித்துண்டுக்கு மட்டும் துளைக்கோடு போடச் சொல்லுங்கள். தூரத்துக்கு ஒரு நிறம்.

நிறுத்தும் முடிவு

முடிவெடுக்கும் தருணம் மூன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கடினம். 5.30க்குச் சாங்கியில், யாரும் கடக்கும் முன் ரத்துச் செய்தால் போவது பொங்கல் மட்டும்தான். 7.20க்குத் தொடக்கக்கோட்டில் செய்தால் முதல் பகுதி ஆள்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். 8.30 முதல் 9 வரை, எல்லாரும் தீவில் இருக்கும் அந்த அரைமணியில் வந்தால் 12 படகும் வேண்டும். அதனால்தான் சந்தேகமான காலையில் 5.30க்கே கடுமையாக இருக்க வேண்டும். அந்த முடிவைக் குழுவாகப் பேசி எடுக்க முடியாது. பொறுப்பாளர் ஒருவர், அவர் சொல் முடிவு.

பார்க்க வேண்டியவை இரண்டு: வானிலை ஆய்வகத்தின் மழை ராடார் படம், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் வரும் மின்னல் தகவல். விரிந்த மழைப்பட்டை, மின்னல் இல்லை என்றால் ஓட்டம் நடக்கலாம். 10 கிலோமீட்டரை 5ஆகக் குறைத்துக்கொள்ளலாம். நீரிணைமேல் மின்னல் என்றால் 30 நிமிடம் தள்ளிவையுங்கள். இரண்டு முறைக்கு மேல் தள்ளினால் பொதுமக்களின் படகு வரிசையோடு மோதும், ரத்துதான். ஓட்டம் தொடங்கியபின் இடி கேட்டால் எல்லாரும் மையத்துக்கு, அங்கிருந்து கடைத்தெருவின் கட்டடங்களுக்கும் வேன்களுக்கும். மரத்தடியிலோ திறந்த கொட்டகையிலோ ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். கோப்பிக் கடைக்காரர்களிடம் இதை முன்பே சொல்லி வைத்திருந்தால், ஈரக்காலோடு நுழையும் கூட்டத்தைப் பார்த்து அவர்கள் திகைக்கமாட்டார்கள்.

குளிரைப் பற்றி ஒன்று. 23 டிகிரியில் ஓடுகிறவருக்குக் குளிராது. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாததால், மழை நின்று வெயில் எட்டிப்பார்த்தால் அவருக்கு உடல் சூடேறும் ஆபத்துதான் அதிகம். நடுங்குகிறவர்கள் வேறு: மூன்று மணி நேரம் சந்திப்பில் அசையாமல் நிற்கும் தொண்டூழியர், நனைந்த பனியனோடு படகில் காற்றுக்கு எதிரே உட்காரும் பிள்ளை. சந்திப்பில் நிற்பவரை முக்கால் மணிக்கு ஒருமுறை நடக்க வையுங்கள். எல்லாரும் உலர்ந்த சட்டை ஒன்றை இறுகக் கட்டிய பையில் கொண்டுவந்து, படகு ஏறும் முன் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏறியபின் அல்ல. வெள்ளிநிற அவசரப் போர்வை பத்து இருக்கட்டும்.

தலைக்கணக்கு

இந்த வகை ஓட்டத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு விபத்து அல்ல. யாரோ ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தானாகப் படகு ஏறிப் போய்விடுகிறார். தீவில் அவரைத் தேடி மூன்று பேர் காட்டுக்குள் போகிறார்கள். அவர் பிரதான தீவில், தெம்பனிஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தேடப்போனவர்களுக்குத்தான் கால் பிசகும்.

இதற்கு மருந்து, எண் அட்டையைப் படகுச் சீட்டாக்குவது. சாங்கியில் ஏறும்போது அங்கேயே நிற்கும் 25ஆவது தொண்டூழியர் எண்ணைக் குறித்துக்கொள்வார். உபினில் திரும்ப ஏறும்போது படகுத்துறையில் நிற்கும் இருவர் அட்டையையே வாங்கிக்கொள்வார்கள். அட்டை கொடுக்காதவர் இன்னும் தீவில் இருக்கிறார் என்று பொருள். ஓட்டத்தின் வாலில் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் மூவர் பாதையைத் துடைத்துக்கொண்டே வருவார்கள்: ஆள், நாடா, பலகை, குப்பை என்ற வரிசையில். 10 கிலோமீட்டருக்கு 9 மணி எல்லை, 5 கிலோமீட்டருக்கு 9.30. எல்லை தாண்டியவரை வேனில் ஏற்றுவது அவமரியாதை அல்ல என்பதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். பொறுப்பாளர் கடைசிப் படகில்தான் ஏறுவார், அட்டைக் கட்டை எண்ணி முடித்தபின்.

ஓட்டம் முடிந்த அன்று மாலை எல்லாருக்கும் ஒரு செய்தி போக வேண்டும். மழைக்காலச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் நோய்க்கிருமி இருக்கக்கூடும். சிராய்ப்பு வழியாக உடலுக்குள் போகும். ஓடும் முன்பே காலில் காயம் இருந்தால் நீர் புகாத ஒட்டுத்துணி ஒட்ட வேண்டும், விழுந்தவரின் காயத்தை அங்கேயே சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவ வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல், நம்மவர்களில் அவர்கள் பலர். அறிகுறி தெரிய மூன்று வாரம் வரை ஆகலாம் என்பதால் செய்தியில் தேதியையே போட்டுவிடுங்கள்: இந்தத் தேதிக்குள் காய்ச்சலோ, ஆறாத புண்ணோ, இருமலோ வந்தால் மருத்துவரிடம் போங்கள், உபினில் சேற்றில் ஓடியதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.